பங்கு, கொம்யூன், சபை: செவேன் மலையூர் ஒன்றின் வரலாறு

2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்று, பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள லொசேர் மாவட்டத்தில், மூன்று சிறு கொம்யூன்கள் ஒன்றாக இணைக்கப்பட்டன. போன் தெ மோன்வேர், பிரெசினே தெ லொசேர், சேன் மொரீஸ் தெ வான்தலோன் என்பன அவற்றின் பெயர்கள். மூன்றின் மக்களையும் சேர்த்து எண்ணினாலும் ஏறத்தாழ 600 பேரே தேறுவர். இணைப்பினால் தோன்றிய புதிய கொம்யூனுக்கு, ‘போன் தெ மோன்வேர் - தென் லொசேர் மலை’ என்று பொருள்படும் பெயர் இடப்பட்டது. மற்ற இரண்டு ஊர்ப்பெயர்களும் பொதுப்பெயரிலிருந்து மறைந்தன.

திருச்சபை வரலாறு பயில்வோர் இச்செய்தியை ஏன் கருதவேண்டும் என்ற வினா எழலாம். போன் தெ மோன்வேர் என்னும் இவ்வூரில்தான், 1702ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் இரவில், காமிசார் போர் எனப்படும் மலைவாழ் புரொட்டஸ்டண்டினரின் கிளர்ச்சி தொடங்கிற்று. நம் பாடநூல்கள் ஹியூகனாட்டுகளின் வரலாற்றை நாந்து கட்டளையின் நீக்கத்தோடு பெரும்பாலும் முடித்துவிடுகின்றன. கட்டளை நீக்கப்பட்ட பின்பு, ஓடிப்போக இயலாமலும் மனமின்றியும் மலையிலேயே தங்கிவிட்ட எளிய குடியானவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய, இந்த ஒரு சிற்றூரின் கதை போதுமானது. ஒரு சபை எதனால் சபையாக நிலைக்கிறது, அரசின் எல்லைக்கோடு அதற்கு எவ்வளவு தேவை என்ற வினாவும் அக்கதையினுள் அடங்கியிருக்கிறது.

கொம்யூன் என்னும் சொல் புதுவை, காரைக்கால் பகுதிகளில் ஊழியம் செய்தோருக்குப் புதிதன்று. 1880ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாளிட்ட ஆணையினால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் ஏற்படுத்தப்பட்டன. பிரெஞ்சுக்காரர் நீங்கிய பின்னரும் ‘கொம்யூன் பஞ்சாயத்து’ என்னும் வழக்கு அங்கே நிலைத்துவிட்டது. தாய்நாட்டில் இதன் தோற்றம் 1789ஆம் ஆண்டு டிசம்பர் 14ஆம் நாளின் சட்டமாகும். நகரம், பேரூர், பங்கு எனப் பலவாறாக இருந்த குடியிருப்புகள் யாவும் அச்சட்டத்தினால் ஒரே வகையான ஊராட்சிகளாயின. அவற்றின் எண்ணிக்கை அந்நாளில் சுமார் 44,000. பெரும்பாலும், பழைய ரோமன் கத்தோலிக்கப் பங்கின் எல்லையே புதிய கொம்யூனின் எல்லையாயிற்று. பங்கு கொம்யூனாக மாறிய இம்மாற்றம் செவேன் மலைப்பகுதியில் பெற்ற பொருள் வேறெங்கும் பெறாத ஒன்று. அதை உணர, சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

ஊரின் இருப்பிடத்தை முதலில் கூறுவோம். லொசேர் மலை கருங்கல் மலை. அதன் தென்சரிவில் தார்ன் ஆறு இறங்கிவருகிறது; இரண்டு சிற்றோடைகள் அதனோடு வந்து கலக்குமிடத்தில் போன் தெ மோன்வேர் இருக்கிறது. பெயரிலுள்ள முதற்சொல் பாலத்தைக் குறிப்பது. தார்ன் ஆற்றின்மேல் அமைந்த பழைய கற்பாலமும், அதன் ஓரத்தில் மணிக்கூண்டாக நிற்கும் கோபுரமும் இன்றும் ஊரின் அடையாளங்கள். மலையின் மேற்புல்வெளிகளில் கோடைக்காலத்தில் ஆட்டு மந்தைகள் மேயும். கீழ்ப்பள்ளத்தாக்குகளில் செஸ்ட்நட் மரங்கள் உண்டு, அவற்றின் கொட்டைகளே நெடுங்காலம் ஏழைகளின் உணவாயிருந்தன. பொதுவாகக் கூறின், மலையின் வடசரிவு ரோமன் கத்தோலிக்கருடையதாகவும் தென்சரிவு புரொட்டஸ்டண்டினருடையதாகவும் 16ஆம் நூற்றாண்டிலிருந்து பிரிந்து நின்றது. ஆயினும், இத்தென்சரிவிலேதான், அதாவது இதே கொம்யூனின் எல்லைக்குள்ளிருக்கும் கிரிசாக் கோட்டையிலேதான், பிற்காலத்தில் ஐந்தாம் உர்பன் என்ற பெயரோடு அவிஞ்ஞோனில் போப்பாக இருந்த கியோம் தெ கிரிமோவார் 1310ஆம் ஆண்டளவில் பிறந்தார். ரோமாபுரிக்குத் திரும்பிச்செல்ல 1367ஆம் ஆண்டில் முயன்று, மூன்றாண்டுகளில் அவிஞ்ஞோனுக்கே மீண்டு, 1370இல் இறந்தவர் அவர். ஒரு போப்பின் பிறப்பிடமும், போப்பின் அதிகாரத்தை எதிர்த்தோர் ஆயுதமெடுத்த இடமும் நடந்துசெல்லும் தொலைவில் அமைந்திருப்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்றாகும்.

1598ஆம் ஆண்டின் நாந்து கட்டளை புரொட்டஸ்டண்டினருக்கு வரையறுத்த அளவில் வழிபாட்டுரிமையை அளித்தது. பதினான்காம் லூயி மன்னர் 1685ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அதனை நீக்கினார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன. மதம் மாற மறுத்த போதகர்கள் பதினைந்து நாட்களுக்குள் நாட்டைவிட்டு வெளியேறுமாறு பணிக்கப்பட்டனர். சபையாரோ வெளியேறக் கூடாதென்று தடுக்கப்பட்டனர். தப்பியோட முயன்று பிடிபட்ட ஆண்களுக்குக் கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை, பெண்களுக்குச் சிறை. மேய்ப்பரைத் துரத்திவிட்டு மந்தையைப் பூட்டி வைத்த இச்சூழ்ச்சியின் கொடுமையை வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

போர்வீரர்களைத் தங்கள் வீடுகளில் தங்கவைத்து ஊட்டவேண்டும் என்ற நெருக்கடியினால், செவேன் மலையார் ஊர் ஊராகக் கத்தோலிக்க விசுவாசத்தை வாயால் ஏற்றுக் கையெழுத்திட்டனர். அரசாங்கம் அவர்களைப் ‘புதிதாய் மனந்திரும்பியோர்’ என்றழைத்தது. அந்நாள் முதல், சட்டத்தின் கண்களுக்குப் பிரான்சில் புரொட்டஸ்டண்டினர் ஒருவருமில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றின் பதிவேடுகள் பங்குக் குருவானவரிடத்திலேயே இருந்தன. அவரிடம் ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குச் சட்டத்தில் இடமில்லை. அவர்முன் நடைபெறாத மணம் மணமன்று. அதில் பிறந்த பிள்ளைகள் சொத்துக்கு உரியவராகார். ‘பங்கு’ என்பது ஆன்மிகக் குடும்பம் என்னும் பொருளை இழந்து, அடக்குமுறைக்கான கணக்குப் புத்தகமாயிற்று. அக்காலத்தில் போன் தெ மோன்வேர் தனிப் பங்கன்று. சற்று மேலேயுள்ள புரூஜேர் பங்கைச் சேர்ந்தது.

இப்பகுதியின் கத்தோலிக்க மிஷன்களுக்கு ஆய்வாளராகவும் தலைமைக் குருவாகவும் அமர்த்தப்பட்டவர் பிரான்சுவா தெ லாங்லாத் தியூ ஷெய்லா என்பவர். மாகாணத்தின் அரச அதிகாரியாகிய பாவில் அவருக்குத் துணைநின்றார். போன் தெ மோன்வேரில் தாம் தங்கிய வீட்டில் அவர் கைதிகளை அடைத்து வைத்திருந்தார். மரக்கட்டைகளின் நடுவே கால்களை மாட்டி இறுக்கும் வதை அங்கே நடைபெற்றதென மலையார் யாவரும் அறிந்திருந்தனர். 1702ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஜெனீவாவுக்குத் தப்பிச்செல்லப் புறப்பட்ட சிலர் தம் வழிகாட்டியுடன் பிடிபட்டு அவ்வீட்டிற்குக் கொண்டுவரப்பட்டனர். வழிகாட்டிக்கு மரணதண்டனை உறுதி என்பதில் ஐயமில்லை.

அந்நாட்களில் மலைச்சபைக்குப் போதகர் எவருமில்லை. பிரசங்கியார் குளோது புரூசோன் 1698ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் மொன்பெலியே நகரில் கொல்லப்பட்டிருந்தார். கற்ற ஊழியர் இல்லாத இடத்தில், கல்லாதோரின் தீர்க்கதரிசனம் எழுந்தது. 1688இல் தோபினே பகுதியில் ஆட்டிடைச்சியாகிய இசபோ வின்சான் என்னும் இளம்பெண்ணிடம் தொடங்கிய இவ்வெழுச்சி, 1700ஆம் ஆண்டையொட்டிச் செவேன் மலையில் பரவிற்று. கம்பளி நூற்போரும் ஆடு மேய்ப்போரும் சிறுவரும் ஆவியின் ஏவுதலால் பேசுவதாகக் கூறினர். வீட்டில் ஒக்சித்தான் மொழியையே பேசிவந்த இவர்கள், பரவச நிலையில் வேதப்புத்தகத்தின் மொழியாகிய பிரெஞ்சில் பேசியதைச் சமகாலத்தார் வியந்து பதிவு செய்துள்ளனர். அச்சாட்சியங்கள் 1707இல் இலண்டனில் நூலாக வெளியாயின. இதனை நோயென்று தள்ளுவோரும் உண்டு, இரண்டாம் பெந்தெகொஸ்தே என்று புகழ்வோரும் உண்டு. நமக்கு இவ்விரண்டும் அவசரமான தீர்ப்புகளாகவே தோன்றுகின்றன. பிரசங்கபீடமும் திருவிருந்து மேசையும் பறிக்கப்பட்ட மக்களிடத்தில் எஞ்சியவை மனப்பாடமான சங்கீதங்களும் வேதவசனங்களும் மட்டுமே. அவையே அவர்கள் வாயினின்று வெளிப்பட்டன என்பதுதான் பதிவுகளிலிருந்து நமக்குத் திட்டமாய்த் தெரிவது.

ஜூலை 24ஆம் நாள் மாலையில், புஜே மலையிலுள்ள ஒரு காட்டில் ஐம்பது பேரளவில் கூடினர். எஸ்பிரி செகியே, அபிரகாம் மசேல் ஆகியோர் அவர்களில் முதன்மையானவர். இருட்டிய பின் சங்கீதம் பாடிக்கொண்டே ஊருக்குள் இறங்கி, தியூ ஷெய்லாவின் வீட்டைச் சூழ்ந்து, கைதிகளை விடுவிக்குமாறு கேட்டனர். உள்ளிருந்து துப்பாக்கி வெடித்தது. கதவு உடைக்கப்பட்டது, கைதிகள் மீட்கப்பட்டனர், வீட்டிற்குத் தீ வைக்கப்பட்டது. துணியைப் பிடித்துக்கொண்டு சன்னல் வழியே இறங்க முயன்ற குருவானவர் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரைக் கண்டுபிடித்து, ஒருவர்பின் ஒருவராய்க் குத்திக் கொன்றனர். ஒவ்வொரு குத்துக்கும், தாங்கள் இழந்த ஓர் உறவினரின் பெயர் சொல்லப்பட்டது என்பது மரபுவழிச் செய்தி. விடியுமளவும் சடலத்தருகே சங்கீதம் பாடினார்கள் என்றும் கூறப்படுகிறது.

கதை இங்கு நின்றிருந்தால், சிறைப்பட்டோரை விடுவித்த செயல் என்று சொல்லி மேற்செல்லலாம். அது நிற்கவில்லை. மறுநாட்களில் அதே கூட்டத்தார் புரூஜேர் பங்கின் குருவானவரைக் கொன்றனர். சேன் அந்திரே தெ லான்சீஸ் பங்கின் குருவானவரையும் கொன்றனர். லா தெவேஸ் என்னும் சிறு கோட்டையில் ஒரு குடும்பத்தாரைக் கொன்றனர். செகியே விரைவில் பிடிபட்டார். ஆகஸ்டு 12ஆம் நாள், போன் தெ மோன்வேரிலேயே, கை துணிக்கப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்.

வகுப்பறைகளில் இப்பகுதியைப் போதிக்கும்போது, மாணவரில் சிலர் காமிசார்களை மக்கபேயரோடும், சிலர் பேதுருவின் வாளோடும் ஒப்பிடுவதைக் கேட்கிறோம். இரு ஒப்புமைகளுக்கும் இடமுண்டு. ஆனால், ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றை எழுதும் நாம், நம் பக்கத்தாரின் கையிலிருந்த குருதியைத் துடைத்துவிட்டு எழுதலாகாது. பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டு மரபே இதில் நமக்கு முன்மாதிரி. பின்னாளில் மலைச்சபையை மீண்டும் கட்டியெழுப்பிய அந்துவான் கூர், காமிசார்களின் வரலாற்றை அரிதின் முயன்று தொகுத்தவர்; அதே வேளையில், வன்முறையையும் கட்டுப்பாடற்ற தீர்க்கதரிசனத்தையும் சபைக்குள் அனுமதிக்க மறுத்தவரும் அவரே.

போர் இரண்டாண்டுகள் கடுமையாய் நீடித்தது. 1703ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் அரசப்படை மேல் செவேனின் 31 பங்குகளில் 466 சிற்றூர்களையும் குடியிருப்புகளையும் திட்டமிட்டு அழித்தது. குடிகள் மதில் சூழ்ந்த ஊர்களுக்கு ஓட்டப்பட்டனர். பட்டியல் பங்கு பங்காக எழுதப்பட்டது என்பதைக் கவனிக்கவேண்டும். 1704ஆம் ஆண்டு மே மாதத்தில் தலைவர்களில் ஒருவராகிய ழான் கவாலியே, தளபதி வில்லாரோடு பேசி இணங்கினார். இணங்காத ரோலான் ஆகஸ்டு 14ஆம் நாள் கொல்லப்பட்டார். மசேல் கான்ஸ்தான்ஸ் கோபுரச் சிறையினின்று 1705இல் தப்பி, 1710இல் ஊசெஸ் நகருக்கருகே மாண்டார்.

1715ஆம் ஆண்டு ஆகஸ்டு 21ஆம் நாள், மோந்தேஸ் என்னுமிடத்தில், அந்துவான் கூர் ஒரு சில ஊழியரைக் கூட்டி முதல் சினொடை நடத்தினார். மூப்பர்கள் நியமிக்கப்பட்டனர், ஒழுங்குவிதிகள் வகுக்கப்பட்டன. பதினொரு நாட்களுக்குப் பின், செப்டம்பர் முதல் நாளன்று, தம் இராச்சியத்தில் புரொட்டஸ்டண்டினர் இல்லையென்று அறிவித்திருந்த மன்னர் இறந்தார். ‘வனாந்தரக் காலம்’ என்று பிரெஞ்சுச் சபையார் அழைக்கும் இக்காலத்தில், ஆராதனை மலையிடுக்குகளில் இரவில் நடைபெற்றது. பிரித்துத் தூக்கிச் செல்லத்தக்க பிரசங்கபீடங்கள் செய்யப்பட்டன. சபைக்குக் கட்டடமில்லை, எல்லையுமில்லை. எந்தப் பள்ளத்தாக்கினின்றும் எவரும் வரலாம். பங்கின் பட்டியலில் ஒவ்வொருவரும் கத்தோலிக்கர். கூடுகையில் அவரே சபையார். இறந்தோரின் நிலையும் இவ்வாறே. கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டம் மறுக்கப்பட்டதால், மலையார் தம் வீட்டருகே, வயலோரத்தில், அடுக்குநிலச் சுவரடியில் தம்மவரைப் புதைத்தனர்.

இப்பின்னணியில்தான் 1787ஆம் ஆண்டின் சகிப்புத்தன்மைக் கட்டளையையும், 1792ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாளின் சட்டத்தையும் நோக்கவேண்டும். முன்னது, கத்தோலிக்கரல்லாதார் தம் பிறப்பு, மணம், இறப்பு ஆகியவற்றை நீதிபதியிடமாவது குருவானவரிடமாவது குடிமைப் பதிவாக எழுதிக்கொள்ள இடமளித்தது. பொது ஆராதனைக்கு உரிமை தரவில்லை. பின்னது, பதிவேடுகளைக் குருவானவரிடமிருந்து முழுவதுமாக எடுத்துக் கொம்யூனிடம் ஒப்படைத்தது. போன் தெ மோன்வேரில் ஒரு தகப்பன், தன் பிள்ளைக்கு எந்தக் குருவானவரின் தயவுமின்றி, ஊர்மன்றத்தின் புத்தகத்தில், சட்டத்திற்குட்பட்ட பெயரை எழுதுவித்தான். நூற்றாண்டுக்கு மேலாக நீடித்த அவமானம் ஒரு பேனாக்கீற்றில் தீர்ந்தது. வட பிரான்சின் ஊரொன்றில் கொம்யூன் என்பது சாலையையும் கிணற்றையும் கவனிக்கும் அமைப்பு மட்டுமாயிருக்கலாம். செவேனில் அது மனச்சாட்சியின் விடுதலைப் பத்திரம். கொம்யூனை மலையார் நேசித்ததற்கும், பின்னாளில் குடியரசுக் கட்சியின் உறுதியான ஆதரவாளராய் விளங்கியதற்கும் இதுவே வேர் என்று கருதுகிறோம்.

இனி, இணைப்பு என்பதும் புதிதன்று. 1795ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 5,000 மக்களுக்குக் குறைந்த கொம்யூன்களைக் காந்தோன் என்னும் வட்டாரத்திற்கு ஒரே ஊராட்சியாகக் கூட்டியது. பொனபார்த்து 1800இல் அதனைக் கலைத்து ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு மேயரை மீண்டும் அளித்தார். ஆனால் சபைகளுக்கு அதே பொனபார்த்து எதிர்மாறாகச் செய்தார். 1802ஆம் ஆண்டின் அமைப்பு விதிகளின்படி, 6,000 சபையாருக்கு ஒரு கன்சிஸ்டரி சபை என்று வகுக்கப்பட்டது. தனித்தனி ஊர்ச்சபைக்குச் சட்டத்தில் நிலையில்லை. பல பள்ளத்தாக்குகளின் சபையார் சேர்ந்தாலொழிய ‘சபை’ என்ற பெயர் கிடையாது. சினொடு கூடவும் அரசின் அனுமதி வேண்டும். இந்நிலை 50 ஆண்டுகள் நீடித்து, 1852ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாளின் ஆணையினால்தான் ஊர்ச்சபையின் மூப்பர் மன்றம் சட்டத்தில் ஏற்கப்பட்டது. ஆயினும், அந்த 50 ஆண்டுகளில் ஊர்ச்சபைகள் அழிந்துவிடவில்லை. காகிதத்தில் இல்லாதிருக்கப் பழகியவர்கள் அவர்கள்.

19ஆம் நூற்றாண்டில் போன் தெ மோன்வேர் கொம்யூனில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் வாழ்ந்தனர். 1878ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில், ஒரு கழுதையுடன் இம்மலைகளைக் கடந்த ஆங்கில எழுத்தாளர் இராபர்ட் லூயி ஸ்டீவன்சன் இவ்வூருக்கு வந்தார். ஸ்காட்லாந்தின் பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்தில் பிறந்த அவர், வடசரிவைக் கடந்து தென்சரிவுக்கு வந்ததும் சொந்த நாட்டார் நடுவில் வந்ததுபோல் உணர்ந்தார். காமிசார்களைத் தம் நாட்டு உடன்படிக்கையாளரோடு ஒப்பிட்டு, தியூ ஷெய்லாவின் மரணத்தையும் செகியேயின் மரணத்தையும் 1879இல் வெளியான தம் பயணநூலில் விரிவாய் எழுதினார். அந்நூலினால் வரும் பயணிகளே இன்று ஊரின் வருமானத்தில் ஒரு பங்கைத் தருகின்றனர். கொலையுண்ட குருவானவரும் எரியுண்ட கிளர்ச்சிக்காரரும் சேர்ந்து ஊருக்கு உணவளிக்கிறார்கள் என்று ஒருவர் கசப்போடு கூறினால் மறுப்பது கடினம்.

மக்கள் குறைந்ததன் காரணங்கள் பல. 1850களில் பட்டுப்புழு நோய் கீழ்ப்பள்ளத்தாக்குகளின் வருமானத்தைக் கெடுத்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் செஸ்ட்நட் மரங்களை வேரழுகல் நோய் பற்றியது. தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் இளைஞரைக் கீழே இழுத்தன. 1914 முதல் 1918 வரை நடந்த உலகப்போர் எஞ்சிய ஆண்மக்களில் பலரைக் கொண்டுபோயிற்று. லொசேர் இன்று ஐரோப்பியப் பிரான்சில் மிகக் குறைந்த மக்கட்தொகையுள்ள மாவட்டமாகும். 80,000 பேர்கூட இல்லை. 1970இல் செவேன் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. காட்டைக் காக்கச் சட்டம் வந்தபோது, காட்டைத் திருத்தி வயலாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் நகரங்களில் இருந்தனர்.

இத்தகைய சிறு கொம்யூன்களை இணைக்கப் பிரெஞ்சு அரசு பன்முறை முயன்றது. 1971ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாளின் சட்டம் சிறிதளவே பயன் தந்தது. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாளின் சட்டம் ‘புதிய கொம்யூன்’ என்ற வடிவத்தை ஏற்படுத்தியது. 2015ஆம் ஆண்டு மார்ச் மாதச் சட்டம், விரைவில் இணைவோருக்கு அரசு மானியம் மூன்றாண்டுகள் குறையாதென உறுதியளித்தது. மானியங்கள் சுருங்கிவந்த நாட்களில் அவ்வுறுதி பெரிதாகப்பட்டதில் வியப்பில்லை. 2015இல் 36,000க்கு மேலிருந்த கொம்யூன்கள், 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் 35,000க்கும் குறைந்தன. எல்லா மன்றங்களும் இசைந்து தீர்மானித்தால் பொதுவாக்கெடுப்பின்றியே இணைப்பு நிறைவேறும் என்பது சட்டம். பழைய ஊர்களுக்குப் ‘பொறுப்பளிக்கப்பட்ட கொம்யூன்’ என்னும் நிலையும், துணை மேயரைப் போன்ற ஓர் அதிகாரியும், பிறப்பு, மணம், இறப்புகளைப் பதியும் கிளை அலுவலகமும் வழங்கப்பட்டன; ஆயின், புதிய மன்றம் விரும்பினால் பின்னர் இவற்றை நீக்கவும் கூடும்.

இங்கு மூன்றாவது ஊரைப்பற்றி ஒரு சொல். சேன் மொரீஸ் தெ வான்தலோனில் இணைப்பின்போது நூறு பேரும் இல்லை. அத்தனை சிறிய ஊர் தனக்கென ஒரு மேயரையும் மன்றத்தையும் கொண்டிருந்தது என்பது கணக்கர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றும். ஆனால், தேர்தலில் நின்றவரை ஒவ்வொரு வாக்காளரும் பெயர்சொல்லி அறிந்திருந்த ஆட்சி அது. இத்தகைய இடத்தில் இழக்கப்படுவது சேவையன்று, ஏனெனில் சேவை ஓரளவு மேம்படவும் கூடும். வயதான ஒருவர் யாரிடம் நேரில் சென்று முறையிடலாம் என்ற அந்த நெருக்கமே இழக்கப்படுகிறது. பெயர் நிலைத்த ஊரோ, குருதி சிந்தப்பட்ட ஊர். அமைதியாய் வாழ்ந்த இரண்டு ஊர்களின் பெயர்கள் ஆவணத்தின் அடியில் ஒதுங்க, 1702இன் பெயர் பலகையில் நின்றது.

பிரெஞ்சுப் புரொட்டஸ்டண்டுச் சபையும் இணைப்புகளை அறிந்ததே. 1938இல் சீர்திருத்தச் சபையின் பல பிரிவுகள் ஒன்றாயின. 2013இல் சீர்திருத்தச் சபையாரும் லுத்தரன் சபையாரும் சேர்ந்து பிரான்சின் ஐக்கிய புரொட்டஸ்டண்டுச் சபையாயினர். மலையில் ஒரே போதகர் பல ஊர்களுக்கு ஊழியம் செய்வதும் வழக்கமாகிவிட்டது. சபைகளை ஒன்றிணைக்கும் பொறுப்பிலிருக்கும் ஆயர்கள், கொம்யூனுக்கு நேர்ந்ததைச் சபைக்கு நேர்ந்ததாகவே எண்ணிக் கலங்குவதும், அல்லது கொம்யூனைப்போல் சபையையும் தீர்மானத்தினால் கூட்டிவிடலாமென்று துணிவதும் நாம் காண்பவை. பங்கு என்பது மேலிருந்து எண்ணப்பட்டது. கொம்யூன் சட்டத்தினால் தரப்பட்டது. தந்த சட்டம் மாற்றவும் கூடும். வனாந்தரத்தில் கூடிய சபை இவ்விரண்டின் அளவைக்குள்ளும் அகப்படவில்லை. ஆனால் அது தானாகவும் நிலைக்கவில்லை. பாடப்பட்ட சங்கீதமும், மனப்பாடமான வசனமும், 1715இன் மூப்பர்களும் அதனை நிலைநிறுத்தினர். இவை ஓர் ஊரில் அற்றுப்போயிருந்தால், கொம்யூன் தனித்து நின்றும் பயனில்லை. இவை இருந்தால், இணைப்பினால் அஞ்சவேண்டியதும் அதிகமில்லை.

சொத்துக்களைப்பற்றியும் கூறவேண்டும். 1905ஆம் ஆண்டில் அரசையும் மதத்தையும் பிரித்த சட்டத்தின் விளைவாக, அதற்கு முன் கட்டப்பட்ட கத்தோலிக்கப் பங்குக் கோவில்கள் பொதுவாகக் கொம்யூன்களின் உடைமையாயின. எனவே புரொட்டஸ்டண்டினர் மிகுந்த ஊரிலும், பழைய பங்குக் கோவிலின் கூரையைச் செப்பனிடுவது அவ்வூர் மேயரின் கவலை. புரூஜேர் குருவானவரைக் கொன்றோரின் வழித்தோன்றல்கள் அக்குருவானவரின் பின்னோர் வழிபடும் கூரைக்கு வரிப்பணம் செலுத்துவர் என்று 1702இல் எவரேனும் சொல்லியிருந்தால் இரு திறத்தாரும் நகைத்திருப்பர். 2016இன் இணைப்பினால், கொம்யூன் கல்லறைத் தோட்டங்களும் பாதைகளும் கட்டடங்களும் கடன்களும் யாவும் புதிய கொம்யூனுக்கு மாறின.

வயலோரக் கல்லறைகள் அப்பட்டியலில் இல்லை. வீட்டு நிலத்தில் அடக்கம் செய்யும் வழக்கம், கல்லறைத் தோட்டம் எல்லாருக்கும் திறக்கப்பட்ட பின்னும் செவேன் குடும்பங்களில் தொடர்ந்தது. இன்று அதற்கு அனுமதி தருபவர் மேயரல்லர், மாவட்டத்தின் அரசுப் பிரதிநிதியே. நிலத்தடி நீர் கெடாதென்று வல்லுநர் ஒருவர் சான்று தரவேண்டும். பழைய கல்லறைகள் பலவற்றில் பெயர்கூட இல்லை; தலைமாட்டில் நட்ட ஒரு கல் மட்டுமே உண்டு. நிலம் பிறருக்கு விற்கப்பட்டாலும் கல்லறை அவ்விற்பனையில் அடங்காது. குடும்பத்தார் எக்காலமும் அதனிடம் சென்றுவரப் பிரெஞ்சுச் சட்டம் வழிவிடுகிறது.